கிளுவை வேலிக்குள் ஒரு கோடை

நேயர்களுக்கு வணக்கம்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே மேட்டாங்காட்டில் இருக்கிறது எங்கள் தோட்டம். கிணற்றடியில் கொஞ்சம் தென்னை, சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, பின்னால் காய்கறிப் பாத்தி, மிச்சமெல்லாம் கொறங்காடு. கொறங்காடு என்றால் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்கிற எங்கள் பக்கத்தில் காங்கேயம் மாடுகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது இந்த ஏற்பாடுதான்.

சித்திரையில் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். கிளுவையில் பேருக்குக்கூட ஓர் இலை இருக்காது. புதிதாகப் பார்ப்பவர்கள் வேலி பட்டுப்போய்விட்டது என்பார்கள். ஒரு கோடை மழை விழட்டும், சில நாளில் துளிர்த்துவிடும். புல் இல்லாத அந்த நாளில்தான் வெள்வேல நெற்று பழுத்து உதிர்கிறது. ஒரு காற்று அடித்தால் போதும், மாடும் ஆடும் மரத்தடிக்கு ஓடும். செம்மறி தின்ற விதை புழுக்கையோடு விழுந்து, மழைக்கு முளைக்கும். எங்கள் காட்டில் வெள்வேலத்தை நாங்கள் நட்டதே இல்லை, ஆடுகள்தான் நடுகின்றன.

கத்திரி வெயிலில் பாத்தியில் தாக்குப்பிடிப்பது கொத்தவரையும் வெண்டையும்தான். ஓரத்தில் ஒரு சுரைப் பந்தல். மயில் வந்து தக்காளியைக் கொத்தும். காலையில் பார்த்தால் மனசு வலிக்கத்தான் செய்யும். பாத்தியைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டி வைக்கிறோம். வலை கட்டுவதில்லை. பாம்பும் ஓணானும் வலையில் சிக்கிக்கொண்டு தவிப்பதைப் பார்க்க முடியாது.

போன கோடையில் ஒன்று பார்த்தேன். கொறங்காட்டில் நிழலே இல்லாத சரளைத் தரையில் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. உச்சி வெயிலில் அது மாட்டுத்தொட்டி வழிந்து தேங்கிய குட்டைக்கு வரும். தண்ணீரில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்து, இறகு நன்றாக நனையும்வரை அசைத்து அசைத்து எழும். அப்படியே பறந்து போய் முட்டைமேல் அமரும். ஈர வயிற்றால் முட்டையின் சூட்டைத் தணிக்கிறது! தண்ணீர் வீணாகிறதே என்று அந்தக் குழியை மூட இருந்தவன் நான். அப்புறம் மூடவில்லை.

வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வெறும் முள் இல்லை. கோவை, பிரண்டை, முசுமுசுக்கை எல்லாம் அதில்தான் படர்கின்றன. சளிக்கு அம்மா சுடுகிற முசுமுசுக்கை அடையின் தழை வேலியில் பறித்ததுதான். கவுதாரி அதன் அடியில் குஞ்சு பொரிக்கும். முயலும் கீரியும் அதை ஒட்டியே நடமாடும்.

சில வருஷங்களுக்கு முன், பராமரிக்க ஆள் இல்லை என்று மேற்கு வேலியை அடியோடு எடுத்துவிட்டுக் கம்பிவேலி போட்டோம். அந்த வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கியது. எங்கள் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று அது; ஆடி முடியும்வரை ஓயாது. கம்பிக்கு இடையே மண்ணை வாரிக்கொண்டு வந்து கொட்டியது. சுரைப் பந்தல் சாய்ந்தது. வெண்டைச் செடிகள் ஒரு பக்கமாகக் கருகின. எத்தனை தண்ணீர் விட்டாலும் பாத்தி மறுநாளே காய்ந்தது. கவுதாரிச் சத்தம் அந்தப் பக்கம் அறவே நின்றுபோனது. அந்த வேலி தடுத்தது ஆட்டை மட்டுமல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கம்பியை ஒட்டி மறுபடி கிளுவைப் போத்து நட்டோம். கட்டைவிரலைவிடத் தடித்த கிளையாக வெட்டி, அடிப்பக்கம் மண்ணுக்குள் போகும்படி நெருக்கமாக ஊன்ற வேண்டும். முதல் இரண்டு வருஷம் வெள்ளாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மேற்கே இப்போது என் இடுப்புயரம் வந்திருக்கிறது. கோடியில் இருபதடி மட்டும் இன்னும் வெறும் கம்பியாக நிற்கிறது. போத்து வெட்டி நிழலில் வைத்திருக்கிறேன்; அடுத்த மழைக்கு அதையும் நட்டுவிடுவோம்.

வணக்கம்.