மழை அழித்த உயிர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பாலைவனத்தில் என்ன இருக்கிறது, வெறும் மணல்தானே என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அதனால் இன்று அட்டகாமாவைப் பற்றிப் பேசுகிறேன்.

தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வடக்கே இருக்கிறது அந்தப் பாலைவனம். ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை மேகத்தை மறிக்கிறது. மறுபக்கம், பசிபிக் கரையோரம் ஓடும் குளிர் நீரோட்டம் மழைமேகம் திரளவே விடுவதில்லை. நடுவே யுங்கை என்று ஓர் இடம். வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் மழை விழுந்தாலே பெரிது. 2003இல் அந்த மண்ணைச் சோதித்தவர்கள், செவ்வாய்க் கிரகத்து மண்ணைப் போல இருக்கிறது என்றே எழுதினார்கள்.

ஆனால் உயிர் இருந்தது. எங்கே? உப்புக்குள்ளே. மழைக்காலத்தில் வீட்டில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். யுங்கையில் இருப்பவை உப்புப் பாறைகள். ஒன்றை உடைத்தால், மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே பச்சையாக ஒரு பட்டை தெரியும். நெல் வயலுக்கு உரமாகப் போடுகிறோமே நீலப்பச்சைப்பாசி, அந்த வகையைச் சேர்ந்ததுதான். உப்பு வழியாக இறங்கும் வெயிலில் அது உணவு தயாரிக்கிறது. அதை அண்டி, உப்பை விரும்பும் வேறு பல நுண்ணுயிர்கள் பிழைக்கின்றன. 2006இல் இது வெளியே தெரிந்தது.

அப்புறம் மழை வந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2015இல் இரண்டு முறை, 2017இல் ஒரு முறை. அந்த நடுப்பகுதியில் குறைந்தது 500 ஆண்டுகளாக இப்படி மழை பெய்த தடயமே இல்லை. அதே ஆண்டுகளில் பாலைவனத்தின் தெற்கு ஓரம் பூத்துக் குலுங்கிய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். யுங்கையில் உப்புநீர்க் குட்டைகள் தேங்கின. நுண்ணுயிர்களை ஆராயும் அர்மாண்டோ அசுவா-புஸ்டோஸ் குழுவினர் போய்ப் பார்த்தார்கள். உப்புப் பாறைக்குள் மட்டுமல்ல, மண்ணிலும் முன்பு 16 வகை நுண்ணுயிர்கள் இருந்தன. குட்டைகளில் மிஞ்சியவை இரண்டு முதல் நான்கு வகைகள்தான். மற்றவை செத்துப்போயின. ஆமாம், தண்ணீர் வந்து செத்தன! துளி ஈரத்தையும் விடாமல் பிடித்துவைக்கப் பழகிய செல்கள் அவை. திடீரென்று வெள்ளம் சூழ்ந்ததும் தண்ணீர் கட்டுமீறி உள்ளே புகுந்து, செல் வெடித்துவிடுகிறது.

மறுபடியும் சொல்கிறேன், மழை எல்லா மண்ணுக்கும் நல்லதில்லை. பாலைவனத்தைப் பசுமையாக்கப் போகிறோம் என்று கிளம்புகிறவர்கள், அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நேரமாகிவிட்டது. செவ்வாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1976இல் நாசாவின் வைக்கிங் விண்கலங்கள் அங்கே உயிரைத் தேடியபோது, மண்ணில் சத்துக் கரைசலை விட்டுப் பார்த்தார்கள். அங்கே ஏதாவது உயிர் இருந்திருந்தால், அந்தத் தண்ணீரே அதை அழித்திருக்குமோ என்ற கேள்வி யுங்கைக்குப் பிறகு வலுத்திருக்கிறது. நன்றி, வணக்கம்.