பறக்கக் கூடாது என்றது விதி, படகு பறந்தது

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு விதியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஏ கிளாஸ் கேட்டமரன் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் வரும் விதி எண் 8.

கேட்டமரன் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் படகு வேறு மாதிரி. ஒல்லியான இரண்டு உடல்கள், நடுவில் இழுத்துக் கட்டிய வலைத்தளம், ஓட்டுவது ஒரே ஆள். நீளம் 5.49 மீட்டர், அகலம் 2.30 மீட்டர், எடை குறைந்தது 75 கிலோ. பாய்மரத்தையும் சேர்த்துப் பாயின் பரப்பு 13.94 சதுர மீட்டர். இந்த அளவுகளுக்குள் நின்றால் போதும், வடிவம் உங்கள் இஷ்டம். எனக்கு இந்த வகுப்பைப் பிடித்ததே இதனால்தான். பாயின் அடியைத் தளம் வரைக்கும் இறக்கிப் பார்த்தார்கள். பரப்பு கூடவில்லை, அடியில் நழுவிப்போன காற்று மட்டும் வேலைக்கு வந்தது. எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்!

சரி, விதிக்கு வருவோம். படகுகள் ஃபாயிலில், அதாவது தண்ணீருக்குள் இருந்து படகைத் தூக்கும் சிறகுப் பலகையில், ஏறிப் பறக்கத் தொடங்கினால் செலவு எகிறும், பழைய படகுகள் வீணாகும் என்ற பயம் இருந்தது. அதனால் 2009-இல் இப்படி வைத்தார்கள்: படகு உடலில் உள்ள துளைக்குள் ஃபாயிலை மேலிருந்துதான் செருக வேண்டும், இரண்டு பக்க நுனிகளுக்கும் நடுவே 1.5 மீட்டராவது இடைவெளி வேண்டும். பெரிய சிறகு வைத்த ஃபாயில் மேலிருந்து அந்தத் துளைக்குள் நுழையாது அல்லவா? அதோடு கதை முடிந்தது என்று நினைத்தார்கள்.

முடியவில்லை. மேலிருந்தே நுழையும்படி பலகையை இசட் எழுத்துபோல வளைத்தார்கள். படகு கட்டும் நிறுவனங்களான போலந்தின் எக்ஸ்ப்ளோடர், நெதர்லாந்தின் டிஎன்ஏ இரண்டுமே அந்த வழியில் போயின. 2014-இல் நியூசிலாந்தின் டக்கபூனாவில் ஆஸ்திரேலிய வீரர் கிளென் ஆஷ்பி உலகப் பட்டம் வென்றபோது, முன்னணிப் படகுகள் தண்ணீரை விட்டு எழுந்து ஓடின.

என் வருத்தம் இதுதான். விதி பறப்பதைத் தடுக்கவில்லை, சுலபமாகப் பறக்கும் வழியைத்தான் தடுத்தது. தாராளமான சிறகு இருந்தால் படகு நிதானமாக நிற்கும். நெருக்கடிக்குள் வளைத்த பலகையில் அந்த நிதானத்தை ஓட்டுபவர் தன் உடம்பால்தான் கொண்டுவர வேண்டும். நீளம், எடை, பரப்பு என்று அளவுக்கு விதி போடுங்கள், சரி. எந்தப் பக்கமாகச் செருக வேண்டும் என்றெல்லாம் போட்டால் மூளை முழுக்க அந்தத் துளையைச் சுற்றியே செலவாகிறது.

அதற்காக எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லவில்லை. சி கிளாஸ் என்று இன்னொரு கேட்டமரன் வகுப்பு இருக்கிறது. அதில் நீளம் 25 அடி, அகலம் 14 அடி, பாய் 300 சதுர அடி, இந்த மூன்றுதான் முக்கியக் கட்டுப்பாடு. 2013-இல் இங்கிலாந்தின் ஃபால்மத்தில் குரூபாமா என்ற பிரெஞ்சு அணியின் படகு ஃபாயிலில் ஏறி ஜெயித்தது அபாரம். ஆனால் அப்படிப் படகு கட்ட எத்தனை பேரால் முடியும்? ஏ கிளாஸில் சொந்தக் காசில் வாங்கி, வார இறுதியில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படகு ஒரே வருடத்தில் பழசாவது நியாயமில்லை.

அதனால்தான் போட்டியை இரண்டாகப் பிரித்தது எனக்குப் பிடித்திருக்கிறது. பறப்பவர்களுக்கு ஓப்பன், பறக்காதவர்களுக்கு கிளாசிக். 2018-இல் ஆஸ்திரேலியாவின் ஹெர்வி பேயில் ஓப்பன் பட்டம் ஆஷ்பிக்கு. கிளாசிக் பட்டம் ஆண்ட்ரூ லாண்டன்பெர்கருக்கு. 1996 ஒலிம்பிக்கில் டொர்னாடோ படகில் வெள்ளி வாங்கிய அதே மனிதர்தான்!

அடுத்த வீடியோவில் அந்த இசட் பலகை துளைக்குள் எப்படி இறங்குகிறது என்று அட்டையில் வெட்டிக் காட்டுகிறேன்.