சிலோன்ல ஒரே ஒரு ரோந்து போன கேட்டலினா

வணக்கம் மக்களே, இன்னைக்கு ஒரு விமானத்தோட சர்வீஸ் ஹிஸ்டரி பேசப் போறோம், ஆனா சிலோன்ல அது போனது ஒரே ஒரு ரோந்து, அதுலயே முடிஞ்சிருச்சு. ரெண்டாம் உலகப் போர் நேரம், 1942 ஏப்ரல் 4.

கேட்டலினான்னா தண்ணில இறங்குற விமானம், ஃப்ளையிங் போட்னு சொல்லுவாங்க. ரெண்டு எஞ்சின், குண்டும் ஏத்தலாம், நீர்மூழ்கிக் கப்பல அடிக்கிற டெப்த் சார்ஜும் ஏத்தலாம், ஆனா முக்கியமான வேலை கடல்ல ரோந்து சுத்துறதுதான். ஸ்பீடு கம்மி, ஆனா ஒரு நாள் பூரா மேலயே இருக்கும். கனடா விமானப்படையோட 413 ஸ்குவாட்ரன், ஸ்காட்லாந்துக்கு வடக்க ஷெட்லாண்ட் தீவுல இருந்தவங்க, அவங்களத் தூக்கி சிலோன்ல காலி ஊருக்குப் பக்கத்துல கொக்கல ஏரிக்கு அனுப்புறாங்க. ஏன்னா சிங்கப்பூர் பிப்ரவரிலயே விழுந்திருச்சு, ஜப்பான்காரன் அடுத்து சிலோனுக்குத்தான் வருவான்னு எல்லாருக்கும் பயம். பைலட் லெனார்ட் பிர்ச்சல், 26 வயசு, ஏப்ரல் 2 வந்து இறங்குறாரு, 4ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி ரோந்து கிளம்புறாரு, மொத்தம் ஒம்பது பேர்.

பகல் முழுக்க ஒண்ணும் கண்ல படல. சாயங்காலம் திரும்பிருக்கலாம், ஆனா நேவிகேட்டர் ஆனியெட், நிலா வரட்டும் அதை வச்சு நாம எங்க இருக்கோம்னு கரெக்டா கணக்குப் பண்ணிக்கலாம்னு நினைக்கிறாரு, அதனால இன்னும் கொஞ்சம் சுத்துறாங்க. அப்பதான் தெக்கால தூரத்துல புள்ளி புள்ளியா கப்பல் தெரியுது. யாருதுன்னு பாக்க கிட்ட போறாங்க, போகப் போக இன்னும் கப்பல், இன்னும் கப்பல். ஜப்பான் அட்மிரல் நகுமோவோட படைங்க அது! பேர்ல் ஹார்பரை அடிச்ச அதே ஆளு, அஞ்சு விமானந்தாங்கிக் கப்பலோட வந்துட்டிருக்காரு.

ஜப்பானோட சீரோ ஃபைட்டர் விமானங்ககிட்ட இருந்து கேட்டலினா தப்பிக்கவே முடியாது, சான்ஸே இல்ல. இவங்க கையில இருந்தது ரேடியோ மட்டும்தான். எத்தனை கப்பல், எங்க, எந்தப் பக்கம் போகுதுன்னு மெசேஜ் தட்டுறாங்க, மூணு தடவை அனுப்பணும்னு ரூல், மூணாவது தடவை அனுப்பிட்டிருக்கும்போதே குண்டு பட்டு ரேடியோ காலி. விமானம் கடல்ல விழுது, விழுந்தவங்க மேலயும் சுடுறான். உயிரோட ஆறு பேரைத்தான் ஐசோகாசேங்கிற ஜப்பான் போர்க்கப்பல் தூக்குச்சு. மெசேஜ் அனுப்புனீங்களான்னு போட்டு அடிக்கிறாங்க, இல்லவே இல்லன்னு சாதிக்கிறாங்க, அந்த நேரம் பாத்து கொழும்புல இருந்து "மறுபடி அனுப்பு"ன்னு ரேடியோல கூப்பிடுறான், அது ஜப்பான்காரன் காதுல விழுந்து அடி இன்னும் ஜாஸ்தியாச்சு.

சரி, அந்த மெசேஜால என்ன நடந்துச்சு? பேப்பர்காரங்க "சிலோனைக் காப்பாத்தினவர்"னு பிர்ச்சலுக்குப் பட்டம் குடுத்துட்டாங்க. எனக்கு அது அவ்ளோ நேர்கோடா தெரியல. கொழும்பு துறைமுகத்துல இருந்த கப்பல்கள்ல நெறைய ராத்திரியோட ராத்திரியா வெளிய போனது உண்மை, அது பெரிய விஷயம். ஆனா மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலைல ஜப்பான் விமானங்க தலைக்கு மேல வர்ற வரைக்கும் கொழும்புக்குப் பக்கத்துல ரத்மலானைல இருந்த ஹரிக்கேன் ஃபைட்டர் விமானங்க தரையிலதான் நின்னுட்டு இருந்துச்சு, முந்தின நாளே சொல்லியும்! இன்னொண்ணு, டோர்செட்ஷயர், கார்ன்வால்னு ரெண்டு குரூசர், பிரிட்டிஷ் போர்க்கப்பலுங்க, இந்த எச்சரிக்கைக்கு அப்புறம்தான் கொழும்ப விட்டுக் கிளம்புது, மறுநாள் மத்தியானம் நடுக்கடல்ல மாட்டி ரெண்டுமே மூழ்கிருச்சு, 400 பேருக்கு மேல போயிட்டாங்க. துறைமுகத்துலயே இருந்திருந்தா தப்பிச்சிருக்குமான்னு கேட்டா அதுவும் சொல்ல முடியாது, அங்க நின்ன கப்பலும்தான் அடி வாங்குச்சு.

பிர்ச்சல் உயிரோட இருக்காருன்னே வீட்ல ரொம்ப நாள் தெரியாது. என்னைக் கேட்டா அந்த ரேடியோ மெசேஜை விட, ஜப்பான் கேம்ப்ல அவர் பண்ணதுதான் பெருசு. நோயாளி கைதிங்கள வேலைக்கு இழுத்தா காவலாளியவே எதிர்த்து நிப்பாரு, அதுக்கு அடி வாங்குவாரு, அங்க நடந்ததெல்லாம் டைரில எழுதி ஒளிச்சு வச்சாரு. 2004ல 89 வயசுல இறந்தாரு. ஆனா அந்தப் பட்டம் ஒருத்தருக்குத்தான் போச்சு, ரேடியோல உக்காந்து தட்டினவன் பேரு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே ஏப்ரல் 9ஆம் தேதி திருகோணமலைல குண்டு போட்டு, மட்டக்களப்பு பக்கம் ஹெர்மீஸ்ங்கிற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடிச்சாங்க, அது தனி வீடியோவா வரும். அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது இருந்தா, வீட்ல பெரியவங்க அந்த குண்டுவீச்சு பத்தி சொன்னது எதுவா இருந்தாலும் கமெண்ட்ல போடுங்க.