மரை காலைத் தட்டும் சத்தம்
(இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட வாசிகசாலை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் தம்பிமாரே,

‘விலங்குகளிடம் கற்க வேண்டியவை’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாகப் ‘புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது’ என்றுதான் தொடங்குவார்கள். நம் மலைகளில் நாம் புலி என்று சொல்வது சிறுத்தையை. அது புல் தின்னும். அதன் எச்சத்தைக் கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்தப் பழமொழியை இங்கேயே இறக்கி வைத்துவிடுகிறேன்.

காட்டில் உள்ளதெல்லாம் பாடம் என்று எடுத்துக்கொண்டால் வம்பு. ஆண் சிறுத்தை, தனக்குப் பிறக்காத குட்டிகளைக் கொன்றுவிடுவது உண்டு. அதையுமா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது?

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விலங்கைப் பற்றி. மரை, நம் காட்டுப் பெரிய மான்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போயிருப்பீர்கள். 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலே. விடியற்காலையில் புல் நுனியெல்லாம் உறைபனி. அங்கே ஒரு காலையில் பெண் மரை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று தலையைத் தூக்கியது. காதுகள் இரண்டும் முன்னால் திரும்பின, வால் நிமிர்ந்தது. ஓடப்போகிறது என்று நினைத்தேன். ஓடவில்லை. காட்டோரத்தைப் பார்த்தபடியே முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கித் தட்டியது. பிறகு ஒரு சத்தம், உடைந்த ஊதுகுழல் மாதிரி. மறுபடியும் தட்டல், மறுபடியும் சத்தம். மேய்ந்துகொண்டிருந்த மற்றவையும் தலை தூக்கின. எனக்குச் சிறுத்தை கண்ணில் படவில்லை; மரைக்குப் பட்டிருக்க வேண்டும்.

சிறுத்தையின் பிழைப்பு மறைவில் இருக்கிறது. வெகுதூரம் துரத்திப் பிடிக்கிற விலங்கு அல்ல அது. பதுங்கிப் பதுங்கி அருகில் வந்து, கடைசியில் பாயும். இடையில் கண்டுகொள்ளப்பட்டால் பெரும்பாலும் எழுந்து வேறு பக்கம் நடந்துவிடும். அதனால் அந்தச் சத்தம் இரண்டு பேருக்குப் போகிறது. கூட்டத்துக்கு ‘கவனம்’. சிறுத்தைக்கு ‘உன்னைப் பார்த்துவிட்டேன்’. மரை சண்டைக்குப் போகவில்லை, கும்பிடவும் இல்லை. பார்த்ததைப் பார்த்ததாகச் சொன்னது, அவ்வளவுதான்.

என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். எந்தத் தோட்டம் என்பது இப்போது வேண்டாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழிப்பார்கள். அதற்கு மேலும் ஒரு கிலோ, இரண்டு கிலோ காணாமல் போகும். அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பேச்சு லயத்து வீட்டுக்கு வந்து அடுப்படியில்தான் நடக்கும். ஒருநாள் வரிசையில் முன்னால் நின்ற பெரியம்மா தராசைக் காட்டி, சத்தம் போடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ஐயா, முள் பதினெட்டில் நின்றதைப் பார்த்தேன்.” எழுதுகிறவரின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு பதினெட்டு என்றே எழுதியது. பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் அன்று முள்ளைப் பார்த்தார்கள்.

இதைத் தொழிற்சங்கப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். நினைத்தாலும் எனக்கு வருத்தம் இல்லை.

இனி நம் பக்கத்துக் குறை. காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டுகிறது, உருளைக்கிழங்கை அழிக்கிறது, உண்மை. அதற்காகச் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு வைக்கிறோம். சிறுத்தை வந்தால் மரைக்குத் தெரிகிறது. கம்பிக்கு வாடையும் இல்லை, அசைவும் இல்லை. மரை யாரைப் பார்த்துக் காலைத் தட்டும்? பன்றிக்கு வைத்தது என்பதும் கம்பிக்குத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படித்தான் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. கண்ணில் படுவதே அபூர்வமான விலங்கு. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் இறந்தது.

இன்று மாலை இங்கே நடந்து வந்தபோது, கவ்வாத்து வெட்டிய மலைக்குக் கீழே, வடிகான் ஓரமாக, தேயிலைத் தூரில் ஒரு கம்பி கட்டியிருந்தது. துருப்பிடிக்காத புதுக் கம்பி. யார் கட்டியது என்று நான் கேட்கப்போவதில்லை.

பார்த்துவிட்டேன்.