தாழப் பறப்பவருக்கும் கேட்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போனது. மேலே போகும் விமானி தரையில் இருப்பவர்களோடு எப்படிப் பேசுகிறார் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். வானொலிக் கருவிகளோடு காலம் கழித்த பொறியாளன் நான்.

ஏறவும் இறங்கவும் அனுமதி தருவது கட்டுப்பாட்டுக் கோபுரம். பறப்புத் தகவல் மையத்தின் வேலை வேறு. வழியில் இடிமேகம் இருக்கிறதா, அருகே வேறு விமானம் பறக்கிறதா என்று அது சொல்லும், முடிவெடுப்பது விமானி. நம் மதுரை, சென்னைப் பறப்புத் தகவல் வட்டாரத்துக்குள் வருகிறது.

இந்தப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் நடக்கிறது. பண்பலை முடிகிற 108-க்குச் சற்று மேலே. ஆனால் முறை பண்பலை அல்ல, ஏ.எம். எனப்படும் பழைய வீச்சுப் பண்பேற்றம். காரணம் இருக்கிறது. பண்பலையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால், வலுவான குரல் மற்றதை விழுங்கிவிடும். ஒருவர் பேசியதே தெரியாது. பழைய முறையில் இரண்டும் மோதிக் கீச்சிடும். யாரோ குறுக்கே பேசினார் என்பதாவது தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா? 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் கோபுரத்தின் சொல்லும் ஒரு விமானியின் எச்சரிக்கையும் இப்படி மோதிக்கொண்டன. இன்னொரு விமானத்தில் கீச்சொலிதான் பெரிதாகக் கேட்டது. “திரும்பச் சொல்லுங்கள்” என்று அங்கிருந்து யாரும் கேட்கவில்லை. இரண்டு விமானங்களும் ஓடுபாதையில் மோதி, 583 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எனக்கு மறக்காதது அந்தக் கேட்கப்படாத கேள்விதான்.

இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. 35,000 அடியில் பறப்பவரோடு ஏறத்தாழ 425 கிலோமீட்டர் வரை பேசலாம். 1,000 அடியில் பறக்கும் சிறு விமானத்துக்கோ 70 கிலோமீட்டரே அதிகம். தேனிப் பக்கம் மலை மறைத்தால் அதுவும் கிடையாது. தகவல் மிகவும் தேவைப்படுபவர் தாழப் பறப்பவர். அவருக்குத்தான் சரியாகக் கேட்பதும் இல்லை.

வழி, குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிலே நிலையத்தை உயரத்தில் வைப்பது. கொடைக்கானல் பண்பலை 100.5 எத்தனை மாவட்டங்களில் கேட்கிறது என்று உங்களுக்கே தெரியும்; எல்லாம் மலையின் உயரம். ஒரே சேனலில் இரண்டு நிலையங்கள் ஒலிபரப்பினால் முன்பு சொன்ன கீச்சு வருமே என்பீர்கள். அவற்றின் அலைகளைச் சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்தால், அந்தக் கீச்சை விமானத்தின் வானொலிக் கருவியே வடிகட்டிவிடும். பழைய உத்திதான், நன்றாக வேலை செய்கிறது.

மையத்தின் மேசையில் புதிய திரைகள் வைப்பதைவிட இதற்கே முதலில் செலவிட வேண்டும் என்பேன். அதற்கும் முன்னால், 1,000 அடியில் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டு, எங்கெங்கே குரல் அறுகிறது என்று அளந்து, விமானிகளின் வரைபடத்தில் குறித்துக் கொடுக்கலாம். அந்த இடத்துக்குள் நுழையும் முன்பே, “இன்ன நேரத்தில் மறுபடி அழைப்பேன்” என்று விமானி சொல்லிவிட்டுப் போவார். அந்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால், தேடத் தொடங்க மையத்துக்கு ஒரு கணக்கு இருக்கும்.