பாதை கரை சேரும்வரை
(திருகோணமலையில் மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் பாதைக்காகத் துறையில் காத்து நிற்போம். உங்களுக்குப் பாதை என்றால் தெரு. எங்களுக்கு அது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு மிதந்து வரும் பெரிய தட்டு. அங்கே நின்றுகொண்டுதான் நான் பிரிக் கேம் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் கட்டை அடுக்கினேன். பாதை வந்ததும் அப்பா பிடரியில் தட்டுவார். ஆட்டம் அப்படியே போய்விடும். கவலை இல்லை, அக்கரையில் வேறொன்று தொடங்கலாம்.

கையடக்கக் கருவியில் ஒரு விளையாட்டு வெல்வதற்கு முதல் காரணம், அதைப் பாதியில் விட முடிவதுதான் என்பேன்.

அந்தக் கட்டைகளின் மூலம் டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் கணினிக்காகச் செய்தது. ஆனால் அதன் பொருத்தமான வீடு 1989இல் வந்த கேம் பாய் என்ற கையடக்கக் கருவி. கதை இல்லை, மொழி வேண்டாம், இரண்டு நிமிடம் போதும்.

கேம் பாயைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். பல நிறம் காட்டாத பச்சைத் திரை, பின்னொளியும் கிடையாது. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் லிங்க்ஸ் கருவி வண்ணத் திரையோடு வந்தது. ஆனால் அது 6 பற்றரிகளைத் தின்றுவிட்டு 5 மணி நேரம் தாங்கினாலே பெரிது. கேம் பாய் 4 பற்றரியில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மலிந்து பழகிய தொழில்நுட்பத்துக்குப் புது வேலை கொடு என்பது அதை உருவாக்கிய குன்பெய் யோகோயின் கொள்கை. பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரைமணி நேரம் பிழிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் வானொலிச் செய்தி நேரத்தில் என் பற்றரிகள் பறிபோகும். அது தனி வழக்கு.

உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் போக்கிமான் நீண்ட ஆட்டமாயிற்றே என்று கேட்பீர்கள். நீளம்தான், ஆனால் வழியில் நின்ற இடத்திலேயே பதிந்துவைக்கலாம். இன்னொரு தந்திரமும் உண்டு. 1996இல் அதை இரண்டு பதிப்பாக விற்றார்கள். சில உயிரினங்கள் ஒன்றில் மட்டுமே இருக்கும். முத்திரை மாற்றுவதுபோல நண்பனுடைய கருவியோடு கம்பி இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். தனியே விளையாடும் பொருள் இரண்டு பேரை ஒரே வாங்கில் உட்காரவைத்தது.

விளையாட்டுச் செய்யும் பிள்ளைகள் இங்கே இருப்பீர்கள். கொழும்பு இரவு ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் உங்கள் ஆட்டத்தைக் கொடுங்கள். கல் ஓயாச் சந்தியில் வண்டி நிற்கும்போது சொல்லாமல் வாங்கிவிடுங்கள். வண்டி புறப்பட்ட பிறகு அவர் திரும்பக் கேட்கிறாரா, ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிடுகிறாரா என்று பாருங்கள்.