கட்டம் போட்ட தாளில் என் வகுப்பு

வணக்கம் நேயர்களே. மொரிசியஸில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தேர்வுத்தாள் திருத்தி முடித்ததும் ஆசிரியர்கள் மதிப்பெண்களைக் கூட்டி, வகுத்து, ‘வகுப்பின் சராசரி 60’ என்று எழுதி வைப்போம். நானும் பல ஆண்டுகள் அதோடு நோட்டை மூடி வைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. 20 பிள்ளைகளும் அறுபதை ஒட்டி வாங்கினாலும் சராசரி 60தான். பத்துப் பேர் 90, பத்துப் பேர் 30 வாங்கினாலும் சராசரி 60தான். நாளைக் காலையில் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

இப்போது கட்டம் போட்ட தாள் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே கேள்வி எண். சரியென்றால் 1, தவறென்றால் 0. எக்செல் தெரிந்தவர்கள் அதில் போடலாம், எனக்குப் பென்சில் போதும். குறுக்கே கூட்டினால் பிள்ளையின் மதிப்பெண் வரும். மேலிருந்து கீழே கூட்டிப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் 0 என்றால், குறையைப் பிள்ளைகளிடம் தேடுமுன் என் பாடத்தில் தேட வேண்டும்.

கிரேடு நான்கில் அப்படி நின்றது ஒரு சின்னக் கேள்வி. ‘அக்கா நேற்று...’ வந்தேனா, வந்தானா, வந்தாளா, வந்ததா? தவறியவர்கள் எதைத் தொட்டார்கள் என்றும் குறித்துக்கொண்டேன். பெரும்பாலோர் தொட்டது ‘வந்தான்’. கவனக்குறைவாக இருந்தால் தவறுகள் நாலாபக்கமும் சிதறியிருக்கும். எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது.

இருந்தது வீட்டு மொழி. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது, பிரெஞ்சிலிருந்து பிறந்த மொரிசியஸ் மொழியான கிரியோல். ‘மோ மான்ஸே, தோ மான்ஸே, லி மான்ஸே.’ நான், நீ, அவள், யார் சாப்பிட்டாலும் வினைச்சொல் அசையாது. அந்த ‘லி’ என்ற ஒரே சொல்லுக்குள் அவனும் அவளும் அதுவும் அடங்கிவிடுகின்றன. அப்படிப் பேசி வளர்ந்த குழந்தைக்குத் தமிழில் வினையின் வாலில் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பதே புதுச் செய்தி. அதை ஒருநாளும் நான் தனியாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

2012 முதல் கிரியோலும் தொடக்கப்பள்ளியில் ஒரு பாடம். தமிழுக்குப் போட்டி என்று சிலர் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில், கிரியோலின் அமைப்பைக் கவனித்துப் பார்க்கும் தமிழாசிரியருக்குப் பாதி வேலை குறைகிறது.

எண்ணிக்கையை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் கேள்வியில், எதுவும் தெரியாத பிள்ளைக்கும் நான்கில் ஒரு முறை சரியாக அமைந்துவிடும். 20 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை என்பதே 5 விழுக்காடு. ஆகவே ஒரே கேள்வியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதே விஷயத்தை மூன்று நான்கு விதமாகக் கேளுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டும் சொல்லச் சொல்லுங்கள். வாயால் சரியாகச் சொல்லி எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளை எந்தக் கட்டமும் காட்டாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தொடக்கப்பள்ளி முடிவில் பிள்ளைகள் எழுதும் தேர்வில், 2017இல் சி.பி.இ. போய் பி.எஸ்.ஏ.சி. வந்தது. ஆனாலும் வீட்டில் முதலில் கேட்பது ‘எத்தனை வாங்கினாய்?’ என்றுதான். தாளை வாங்கி, எந்தக் கேள்வியில் தவறியது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். சிவப்பு மை எங்கே கூடியிருக்கிறது என்று பார்க்க எழுத்து தெரிய வேண்டியதில்லை.

அந்த வகுப்பில் தினமும் ஐந்து நிமிடம் ஆடிக் காட்டினோம். ஒருவன் நடப்பான், ஒருத்தி நடப்பாள், மற்றவர்கள் வினையின் வாலை மட்டும் சத்தமாகச் சொல்வார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி கட்டம் போட்டேன். ‘வந்தாள்’ வரிசையில் 1கள் நிறைந்திருந்தன. ‘நாய் வந்தது’ இன்னும் பலருக்கு ‘நாய் வந்தான்’தான். திங்கட்கிழமையிலிருந்து எங்கள் வகுப்பில் நாயும் பூனையும் நடக்கப்போகின்றன.